மெத்தையைத் தூக்கி நிறுத்துங்கள், மைக் அப்புறம் வாங்கலாம்

பாளையங்கோட்டையில் முப்பது வருஷம் மைக்செட் கடை நடத்திய அண்ணாச்சி, வீட்டில் குரல் பதிவு செய்வது பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறார்.

கேள்வி: எங்கள் ஆச்சி சொல்லும் கதைகளைப் போனில் பதிவு செய்து வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கு அனுப்புகிறேன். பழைய வீட்டில் எடுத்ததெல்லாம் தெளிவாக இருந்தது. புது வீட்டில் எடுத்தால் கிணற்றுக்குள் இருந்து பேசுகிற மாதிரி கேட்கிறது. ஆறாயிரம் ரூபாய்க்கு ஒரு மைக் பார்த்து வைத்திருக்கிறேன். வாங்கட்டுமா?
– வாசகி, வீரவநல்லூர்

வாங்காதீர்கள் தாயி. அந்த மைக் உங்கள் கிணற்றை இன்னும் துல்லியமாகப் பிடித்துக் கொடுக்கும், அவ்வளவுதான்.

பழைய வீட்டில் நடுவே முற்றம் இருந்திருக்கும். மேலே போன சத்தம் ஆகாசத்தோடு போய்விடும், திரும்பாது. பத்தாயம், கொடியில் துணி, சுருட்டி வைத்த படுக்கை என்று சத்தத்தைக் குடிக்க ஆயிரம் சாமான் கிடந்திருக்கும். புது வீட்டில் தரை டைல்ஸ், சுவர் வழவழவென்று பட்டி பார்த்தது, மேலே கான்கிரீட். ஆச்சி ஒரு தடவை சொன்னதை வீடு இருபது தடவை சொல்கிறது.

அது ஏன் குழப்புகிறது என்று கேட்டால், ‘பட்டி’ என்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். ‘ட்’டில் நாக்கு மேலே ஒட்டி ஒரு கணம் சத்தமே நிற்கிறது இல்லையா? அந்த மௌனம்தான் ‘பட்டி’யைப் ‘படி’யிலிருந்து பிரிக்கிறது. எதிரொலிக்கிற அறையில் முன்னால் சொன்ன ‘ப’வின் வால் வந்து அந்த மௌனத்தை அடைத்துவிடும். நெல்லையப்பர் கோயில் பிரகாரத்தில் ஓதுவார் தேவாரம் பாடினால் கல் மண்டபம் கூடச் சேர்ந்து பாடும், உடம்பு சிலிர்க்கும். அதே இடத்தில் இருபதடி தள்ளி நின்று ஒருவர் கதை சொல்லட்டும், பாதி வார்த்தை புரியாது.

இதைக் கணக்காக்கியவர் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருந்த வாலஸ் சபைன். 1895-இல் அங்கே ஒரு புது விரிவுரைக் கூடத்தில் பேச்சே புரியவில்லை, சொன்ன சொல் ஐந்தரை விநாடி சுற்றிக்கொண்டிருந்தது. மனுஷர் பக்கத்து அரங்கத்தின் இருக்கை மெத்தைகளை ராத்திரியோடு ராத்திரியாகத் தூக்கி வந்து பரப்பி, கையில் கடிகாரத்தோடு அளந்திருக்கிறார். விடிவதற்குள் திருப்பிக் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். எது எவ்வளவு சத்தம் குடிக்கும் என்பதற்கு அவர் வைத்த அளவுகோல் திறந்த ஜன்னல். வெளியே போன சத்தம் திரும்பாது என்பதால் அதற்கு முழு மதிப்பெண். உங்கள் முற்றமும் அதே கணக்குத்தான்.

அவருடைய சூத்திரத்தைப் பன்னிரண்டுக்குப் பத்து அறைக்கு, பத்தடி உயரம் வைத்துப் போட்டுப் பார்த்தேன். காலி அறையில் சத்தம் அடங்க ஏறக்குறைய 3 விநாடி. ஆறுக்கு நாலு அளவில் கனமான பஞ்சு மெத்தை இரண்டைச் சுவரோரம் நிறுத்தினால் சுமார் 1 விநாடி. மிச்சத்தைக் கட்டிலும், ஜமக்காளமும், உட்கார்ந்திருக்கிற ஆளும் பார்த்துக்கொள்ளும்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். இரண்டு மெத்தையை ‘ட’ எழுத்து மாதிரி ஒரு மூலையில் நிறுத்துங்கள். ஆச்சி அந்த மூலையைப் பார்த்து உட்காரட்டும். முதுகுக்குப் பின்னால் கொடி கட்டி ஒரு கனமான போர்வையை இரண்டாக மடித்துத் தொங்கவிடுங்கள். காலடியில் ஜமக்காளம். போனை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, நேர் எதிரே வைக்காமல் கொஞ்சம் பக்கவாட்டில் வையுங்கள். நேரே வைத்தால் ‘ப’ வரும்போதெல்லாம் காற்று போய் மோதி ‘டம்’ என்று கேட்கும். இந்த ஒரு சாண்தான் முக்கியம். மூன்றடி தள்ளி வைத்திருந்த போனை ஒரு சாணுக்குக் கொண்டுவந்தால் தூரம் கால்வாசி ஆகிறது, நேராக வரும் குரலின் வலு பதினாறு மடங்கு ஆகிறது. அறையின் இரைச்சல் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

நானும் பட்டுத் தெரிந்துகொண்டவன்தான். 1987-இல் ஒரு வில்லுப்பாட்டுக் குழுவைக் கேசட்டுக்காகப் பதிவு செய்யப் போனேன். கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போடுகிற மாதிரி மைக்கைத் தள்ளித் தள்ளி வைத்து, ஒரு கல்யாண மண்டபத்தில் ராத்திரி முழுக்க எடுத்தேன். காலையில் போட்டுக் கேட்டால் குடமும் உடுக்கையும் ஒரே கஞ்சியாய்க் கிடக்கிறது. குழுவை நடத்திப் பாடுகிற அண்ணாவி என்ன பாடுகிறார் என்று அவருக்கே தெரியவில்லை. அப்புறம் சேரன்மகாதேவி பக்கம் ஒரு நெல் கிட்டங்கியில், மூன்று பக்கமும் சாக்கு மூட்டை அடுக்கியிருந்த இடத்தில் வைத்து எடுத்தோம். வீசுகோல் நாணில் படுகிற சின்னச் சத்தம்கூடத் தனியாகக் கேட்டது. மேலெல்லாம் உமித் தூசி, அரிப்புத்தான் தாங்கவில்லை.

கேள்வி: அறைச் சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டியிருக்கிறேன். எதிரொலி போகவில்லை, பக்கத்து வீட்டு டிவி சத்தமும் அப்படியே வருகிறது.
– மாணவர், மேலப்பாளையம்

வராமல் என்ன செய்யும் தம்பி. முட்டை அட்டை முட்டைக்கு நல்லது. சத்தத்தைக் குடிக்கத் தடிமனும், காற்று நுழைகிற நெகிழ்வும் வேண்டும். மெல்லிசான அட்டை மேல்ஸ்தாயியைக் கொஞ்சம் சிதறடிக்கும், குரலின் கனத்தைத் தொடவே தொடாது. தெர்மோகோலும் இதே கதைதான்.

இன்னொன்று: உள்ளே எதிரொலியை அடக்குவது ஒரு வேலை, வெளிச்சத்தம் வராமல் தடுப்பது வேறு வேலை. இரண்டாவதற்குக் கனமும் இடைவெளியில்லாத அடைப்பும் வேண்டும். கதவுக்கு அடியில் விரலளவு சந்து இருந்தாலே போதும், டிவி முழுசாக உள்ளே வந்துவிடும். ஒரு பழைய துணியைச் சுருட்டி அங்கே வையுங்கள். மற்றபடி பக்கத்து வீட்டில் சீரியல் எப்போது முடிகிறது என்று தெரிந்துவைத்துக்கொள்வது சிக்கனமான வழி.

கேள்வி: பத்தமடைப் பாயைச் சுவரில் தொங்கவிட்டால் பலன் உண்டா? எங்கள் ஊர்ச் சாமான் என்பதால் ஆசை.
– வாசகர், பத்தமடை

ஆசை நியாயமானது. ஆனால் உங்கள் ஊர்ப் பாயின் பெருமையே பட்டுப்போல மெல்லிசாக இருப்பது. தனியாகச் சுவரோடு ஒட்டித் தொங்கினால் அலங்காரம்தான். சுவரிலிருந்து நாலு விரற்கடை தள்ளி ஒரு சட்டம் அடித்து, உள்ளே பழைய போர்வைகளை நாலைந்து மடிப்பாகப் போட்டு, முகப்புக்குப் பாயை விடுங்கள். கோரை இடுக்கு வழியாகச் சத்தம் உள்ளே போகும், போர்வை குடிக்கும், பார்க்கவும் லட்சணமாக இருக்கும். அதற்குச் சாதாரணக் கோரைப் பாயே போதும். நெருக்கமாக நெய்த கல்யாணப் பாயைக் கொண்டுபோய் ஆணியடித்துவிடாதீர்கள்.

கேள்வி: சித்திரை வெயிலில் ஃபேன் இல்லாமல் உட்கார முடியவில்லை. ஃபேன் சத்தத்தைச் செயலியில் நீக்கிவிடலாமா?
– வாசகி, சங்கரன்கோவில்

ஃபேன் ஒரே சீராக ஓடுகிறது என்பதால் ஓரளவு நீக்கலாம். அதிகம் நீக்கினால் குரல் தகர டப்பாவுக்குள் போய்விடும். ஃபேனை அணைத்துவிட்டு ஐந்து நிமிஷம் பேசுங்கள், போட்டுவிட்டு ஐந்து நிமிஷம் ஆறுங்கள். விடிகாலை ஐந்து மணி என்றால் இன்னும் நல்லது, தெருவும் தூங்கும்.

ஓடவிட்டுத்தான் ஆக வேண்டும் என்றால், பேச ஆரம்பிக்கும் முன் பத்து விநாடி சும்மா இருந்து வெறும் ஃபேன் சத்தத்தை மட்டும் பதிவு செய்யுங்கள். எதை நீக்க வேண்டும் என்று செயலிக்கு அடையாளம் காட்ட அது உதவும். அந்தப் பத்து விநாடிக்குள் வீட்டில் யாரும் தாளிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.