கிளென் கூல்டின் முணுமுணுப்பு: ஒலிப்பதிவிலாவது அதை நிறுத்தியிருக்கக் கூடாதா?

கேள்வி: மேற்கத்தியச் செவ்வியல் இசையில் சில பியானோ கலைஞர்கள் வாசித்துக்கொண்டே தாங்களும் கூடப் பாடுவதுபோல் முணுமுணுப்பது ஏன்? ஒலிப்பதிவிலாவது அதைத் தவிர்த்திருக்க முடியாதா?

நீங்கள் யாருடைய வாசிப்பைக் கேட்டீர்கள் என்று சொல்லவில்லை. இருந்தாலும் இந்தக் கேள்வி எழுகிற இடங்களில் பெரும்பாலும் கனடாவின் கிளென் கூல்ட்தான் (1932–1982) இருப்பார் என்பதால் அவரை வைத்தே பதில் சொல்கிறேன். நான் இசை விமர்சகன் இல்லை. முப்பத்து நான்காம் வயதில் பியானோ கற்கத் தொடங்கி, இன்றும் எளிய பாடங்களிலேயே தடுமாறிக்கொண்டிருப்பவன். ஆனால் அந்தத் தடுமாற்றத்தில்தான் எனக்கு இந்த முணுமுணுப்பின் பொருள் பிடிபட்டது.

வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் அவருடைய தாயார். கூல்டின் முதல் பியானோ ஆசிரியர் அவர்தான். எதை வாசித்தாலும் அதைப் பாடிக்கொண்டே வாசிக்க வேண்டும் என்று மகனைப் பழக்கினார். இது உண்மைதான் என்றாலும், சிறுவயதில் பாடிப் பழகியவர்கள் எத்தனையோ பேர் பின்னாளில் வாயை மூடிக்கொண்டு வாசிக்கிறார்கள் என்பதால் வளர்ப்பை மட்டும் காரணமாகக் காட்டுவது எனக்குப் போதுமானதாகத் தோன்றவில்லை.

பியானோவின் அமைப்பிலேயே ஒரு குறை இருக்கிறது. கட்டையை அழுத்தியதும் உள்ளே ஒரு சிறு சுத்தியல் தந்தியைத் தட்டிவிட்டுத் திரும்பிவிடுகிறது. அந்த நொடியிலிருந்து ஒலி தேயத் தொடங்குகிறது. வயலின் கலைஞர் வில்லை அழுத்தியும் பாடகர் மூச்சைக் கூட்டியும் ஒரே சுரத்தைப் பெருக்கிக் காட்ட முடியும். பியானோ கலைஞர் தட்டிய பிறகு அந்தச் சுரத்தை வளர்க்க வழியே இல்லை. ஆகவே பியானோவில் நாம் கேட்கும் நீண்ட மெட்டு என்பது உண்மையில் ஒன்றன்பின் ஒன்றாகத் தேய்ந்து மறையும் தனித்தனி ஒலிகளின் வரிசைதான். அவற்றை ஒரே இழையாக நம் காது கேட்க வேண்டுமானால், வாசிப்பவர் அதற்கு முன்பே மனத்துக்குள் அவற்றை இணைத்துப் பாடியிருக்க வேண்டும். இது கூல்ட் கண்டுபிடித்த செய்தியும் இல்லை. ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக், இன்வென்ஷன்கள் எனப்படும் தம் சிறு பயிற்சிப் படைப்புகளுக்கு 1723இல் எழுதிய முகப்புரையில், பாடுவதுபோல் வாசிக்கும் முறையைக் கைவரப்பெறுவதே இவற்றின் தலையாய பயன்களில் ஒன்று என்கிறார். அவருடைய மகன் கார்ல் பிலிப் இமானுவேல் 1753இல் வெளியிட்ட நூலில், நல்ல பாடகர்களைக் கேட்கும்படியும், ஒரு பகுதியை எப்படி வாசிப்பது என்று அறிய அதைத் தனக்குள் பாடிப் பார்க்கும்படியும் மாணவர்களுக்கு அறிவுரை கூறுகிறார். பியானோவுக்காகவே பெரும்பாலும் இசையமைத்த ஷோபினும் தம் மாணவர்களை ஓபரா பாடகர்களைக் கேட்கச் சொன்னவர். அப்படிப் பார்த்தால் எல்லா பியானோ கலைஞர்களும் பாடுகிறார்கள். சிலருக்கு அது தொண்டை வழியாக வெளியே கசிந்துவிடுகிறது.

இந்தப் பழக்கம் தம்மை அறியாமல் நிகழ்வது என்றும், எண்ணிய வாசிப்பைக் கையிலிருக்கும் பியானோ தர மறுக்கும்போதெல்லாம் அது அதிகமாகிறது என்றும் கூல்ட் சொல்லியிருக்கிறார். இதைச் சமாளிப்பு என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. 1981இல் அவர் பாக்கின் கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸை (ஏரியா என்ற மெட்டில் தொடங்கி, அதன் அடித்தளத்தின் மேல் முப்பது விதமாக விரியும் படைப்பு) இரண்டாம் முறையாகப் பதிவு செய்ததை இயக்குநர் புருனோ மொன்சாஞ்சோன் படமாகவும் எடுத்திருக்கிறார். அதில் குரலை மட்டும் பின்தொடர்ந்து கேட்டால், அது விரல்கள் வாசிப்பதை அப்படியே ஒப்பிக்கவில்லை என்பது புரியும். ஒரே நேரத்தில் ஓடும் பல மெட்டிழைகளில் மேல் இழை வலக்கையில் நடந்துகொண்டிருக்கும்போது குரல் சில இடங்களில் நடு இழையைப் பிடித்துக்கொண்டு போவதாகவே என் காதுக்குப் படுகிறது. ஒரு கை ஓய்ந்திருக்கும் நேரங்களில் அந்தக் கை காற்றில் எழுந்து, எதிரே இசைக்குழு இருப்பதைப்போல் நடத்துகிறது. குரலும் அந்தக் கையும் செய்வது ஒரே வேலைதான்.

என் ஆசிரியர் பாக்கின் முதல் இன்வென்ஷனை எனக்குக் கற்பித்தபோது, வலக்கை தொடங்கி அரைத் தாளச் சுற்று கழித்து அதே இசைத்தொடரை இடக்கை தாழ்ந்த குரலில் திருப்பிச் சொல்லும் இடம் என் வாசிப்பில் ஒவ்வொரு முறையும் அமுங்கிப்போயிற்று. வலக்கையை மட்டும் வாசித்துக்கொண்டு இடக்கையின் வரியை வாயால் பாடச் சொன்னார். பத்து நாள் அப்படிச் செய்த பிறகு இரு கைகளையும் சேர்த்தபோது இடக்கை தானாகவே தலைநிமிர்ந்தது. ஆனால் பாடுவதை நிறுத்தியதும் பழையபடி அமுங்கிற்று. அலைபேசியில் பதிவு செய்து போட்டுக் கேட்டபோது, பின்னால் கிரைண்டர் ஓடுவதுபோல் இருக்கிறது என்று என் மகள் சொன்னாள். முணுமுணுப்பை விட்டுவிடத் தாம் விரும்பினாலும், விட்டால் வாசிப்பு கெடும் என்று கூல்ட் சொன்னதை அன்றுதான் நம்பினேன்.

ஒலிப்பதிவில் நீக்கியிருக்கலாமே என்ற இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். அவருடைய 1955, 1981 கோல்ட்பெர்க் பதிவுகள் இரண்டும் நியூயார்க்கில், பழைய தேவாலயம் ஒன்றை மாற்றியமைத்த கொலம்பியா நிறுவனத்தின் முப்பதாம் தெரு ஸ்டூடியோவில் நடந்தவை. தந்தையார் கால்களை அறுத்துக் குட்டையாக்கிக் கொடுத்த மடக்கு நாற்காலியில், தரையிலிருந்து ஏறத்தாழ 35 செ.மீ. உயரத்தில் அமர்ந்து வாசிப்பது அவர் வழக்கம். முகம் ஏறக்குறையக் கட்டைகளின் மேலேயே கிடக்கும்போது, மைக் தந்தியை மட்டும் கேட்டுத் தொண்டையைக் கேளாதிருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. போதாததற்கு, ஆண்குரலின் முணுமுணுப்பு பியானோவின் நடுப்பகுதிச் சுரங்களோடு ஒரே அலைவெண் எல்லையில் விழுவதால், ஒன்றை வடிகட்டினால் மற்றதும் சேர்ந்தே போய்விடும்.

ஆனாலும் குரலில்லாத கூல்ட் ஒருவர் 2007இல் வெளியானார். ஜென்ஃப் என்ற நிறுவனம் 1955ஆம் ஆண்டுப் பதிவிலிருந்து ஒவ்வொரு கட்டையும் எப்போது, எவ்வளவு விசையோடு அழுத்தப்பட்டது என்பதைக் கணினியால் கணித்து, தானே இயங்கும் யமஹா பியானோ ஒன்றில் அதை மறுபடி வாசிக்க வைத்தது. சோனி அதை வெளியிட்டது. ஒலி துலக்கமாக இருக்கிறது, குறை சொல்ல எதுவும் இல்லை. எனக்கோ இரண்டாம் முறை கேட்கத் தோன்றவில்லை. பழக்கத்தின் குற்றமாகவும் இருக்கலாம்.

இதற்கு மாறான உதாரணம் ஒன்றையும் சொல்ல வேண்டும். அமெரிக்க பியானோ கலைஞரான கீத் ஜாரெட், மேடையேறிய காலத்தில், ஜாஸ் வாசிக்கையில் கூவினார், முனகினார், எழுந்து நெளிந்தார். அவர் முணுமுணுப்புக்கு முன்னால் கூல்டுடையது ஒன்றுமே இல்லை. அவரே பாக்கின் வெல்-டெம்பர்ட் கிளாவியர் என்ற தொகுப்பை வாசித்த பதிவில் குரலே எழவில்லை எனலாம். அந்தந்த நொடியில் புதிதாகப் புனையும்போது மட்டும் அவருக்குத் தொண்டை தேவைப்பட்டது என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். எழுதி முடிக்கப்பட்ட இசையையும் கூல்ட் அவ்வாறே புதிதாகப் புனைவதுபோல் வாசித்தார் என்பது என் ஊகம்.

குரல் உங்களுக்கு உண்மையிலேயே இடைஞ்சலாக இருந்தால், ஹெட்போனைக் கழற்றிவிட்டு ஸ்பீக்கரில், அறையின் மறுகோடியில் அமர்ந்து 1981 பதிவின் தொடக்க ஏரியாவைக் கேட்டுப் பாருங்கள். குரல் பாதியாகக் குறைந்துவிடும். மீதிப் பாதியை நான் விட்டுக்கொடுக்கச் சொல்ல மாட்டேன்.