14 நாள் மாத்திரை முடிஞ்சா நோய் போயிடுச்சுன்னு அர்த்தம் இல்ல

கேள்வி: ரெண்டு தடவை ஐவிஎஃப் (டெஸ்ட் டியூப் முறை) ஃபெயில். இப்ப க்ரானிக் எண்டோமெட்ரைடிஸ், அதாவது கர்ப்பப்பை உள் சவ்வுல நாள்பட்ட அழற்சின்னு சொல்லி 14 நாளைக்கு டாக்சிசைக்ளின்ங்கிற ஆன்டிபயாட்டிக் கொடுத்திருக்காங்க. சாப்பிட்டா கரு தங்குமா?

தங்கச்சி, ரெண்டு தடவை ஃபெயில்னு ஒரே வரியில எழுதிட்டீங்க, அதுக்குப் பின்னாடி எத்தனை ராத்திரி அழுதிருப்பீங்கன்னு எனக்குத் தெரியும், வீட்டுல பெரியவங்களும் சும்மா இருந்திருக்க மாட்டாங்க. நான் டாக்டர் இல்ல. மலேசியாவுல பினாங்குப் பக்கம் பிறையில இருக்கேன், பாயான் லெப்பாஸ்ல ஃபேக்டரி வேலை. எனக்கு நடந்தத மட்டும் சொல்றேன்.

எனக்கு வலி, காய்ச்சல் எதுவுமே இல்ல, ஸ்கேன்லயும் எல்லாம் சரின்னுதான் வந்துச்சு. கர்ப்பப்பையோட உள் சவ்வுல கிருமி சத்தமில்லாம உக்காந்துக்கும், அத எதிர்க்க பிளாஸ்மா செல்னு சொல்ற நோய் எதிர்ப்பு செல்லுங்க வந்து அங்கயே தங்கிடும், அப்படிப்பட்ட இடத்துல கரு ஒட்டாம போகலாம், ஒட்டினாலும் நிக்காம போகலாம். மெல்லிசா ஒரு குழாய விட்டு துளி சதை எடுத்து (இதத்தான் பயாப்ஸின்னு சொல்வாங்க), அந்த செல்லுங்கள அடையாளம் காட்டுற சிடி 138னு ஒரு சாயம் போட்டுப் பார்த்தாத்தான் தெரியும். எனக்கு ஒரு ஐவிஎஃப் போயி, ரெண்டாவது 7 வாரத்துல கலைஞ்ச பிறகுதான் இந்த டெஸ்ட்டே எடுத்தாங்க.

உங்களுக்குக் கொடுத்த அதே மாத்திரைதான், 100 மில்லிகிராம், காலையில ஒன்னு ராத்திரி ஒன்னு. அப்ப எங்களுக்கு 12 மணி நேர ஷிஃப்ட், காலை 6 மணிக்கு கம்பெனி பஸ்ல ஏறும்போதே மாத்திரையப் போட்டுக்குவேன். கூடவே ரத்தத்துக்குக் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையும் சேர்த்துதான், ரெண்டும் ஒரே டப்பாவுல, ஒரே மடக்குத் தண்ணி. இரும்புச்சத்து இந்த மருந்த உடம்புல சேர விடாது, சில மணி நேரம் இடைவெளி விடணும்னு யாருமே சொல்லல. மாத்திரை வாங்குற கவுண்டர்ல ஒரு நிமிஷம் நின்னு பேசக்கூட ஆள் இல்ல. நிறையத் தண்ணி குடிச்சுட்டு கொஞ்ச நேரம் நிமிர்ந்து உக்காரணும்னும் சொல்லல, ராத்திரி மாத்திரையப் போட்டுட்டு அப்படியே படுத்து நெஞ்சு எரிஞ்சு எந்திரிச்சிருக்கேன்.

14 நாள் முடிஞ்சதும் "ஓகே, இனி கரு வைக்கலாம்"னுட்டாங்க. மறுபடி பயாப்ஸி கிடையாது. வெச்சாங்க, தங்கல. அந்த வாரம் எம்சி (டாக்டர் லீவு சீட்டு) கொடுத்ததுக்கு சூப்பர்வைசர் எல்லார் முன்னாடியும் "உனக்கு மாசாமாசம் என்ன சீக்கு"ன்னு கேட்டாரு. 11 வருஷம் அந்த லைன்ல நின்னவ நான், தீபாவளிக்கு மொத நாள்கூட ஓவர்டைம் பார்த்திருக்கேன். அந்தக் கேள்விய இன்னைக்கு வரைக்கும் என்னால மன்னிக்க முடியல.

ரெண்டாவதா பார்த்த டாக்டரம்மா ஃபைல மூடி வெச்சுட்டுக் கேட்ட முதல் கேள்வி, "மாத்திரை முடிஞ்ச பிறகு திரும்ப டெஸ்ட் எடுத்தாங்களா?" எடுத்துப் பார்த்தா நோய் அப்படியே இருக்கு. படத்தக் காட்டுனாங்க, நீல நிறத்துல சதை, அதுக்கு நடுவுல பழுப்பு பழுப்பா புள்ளிங்க, அதுதான் அந்த பிளாஸ்மா செல்லுங்க. இரும்பு மாத்திரை விஷயமும் அவங்க சொல்லித்தான் தெரியும். அதனாலதான் போகலன்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன், எல்லாக் கிருமிக்கும் டாக்சிசைக்ளின் வேலை செய்யாது. அடுத்த 14 நாளைக்கு மெட்ரோனிடசோல், சிப்ரோஃப்ளாக்சசின்னு வேற ரெண்டு ஆன்டிபயாட்டிக் கொடுத்தாங்க. நாக்குல செம்புக்காசு வெச்ச மாதிரி கசப்பு, சோறு இறங்கல. மூணாவது பயாப்ஸியில ஒரு புள்ளிகூட இல்ல. அதுக்குப் பிறகு வெச்ச கருதான் தங்குச்சு. பொண்ணு இப்ப தாடிக்கா (பாலர் பள்ளி) போறா.

"ஆன்டிபயாட்டிக் தின்னா புள்ள பொறக்கும்னு சொல்றியா"ன்னு யாராவது கிளம்பி வர வேணாம், நான் அப்படிச் சொல்லல. எத்தனை செல் இருந்தா நோய்னு எடுத்துக்கிறதுங்கிறதுலயே டாக்டருங்களுக்குள்ள ஒத்த கருத்து இல்ல. கருவோட தரம், வயசுன்னு வேற காரணமும் இருக்கும். ஆனா 2015ல இத்தாலிக்கார டாக்டருங்க ஒரு ஆய்வு வெளியிட்டாங்க, ஐவிஎஃப் திரும்பத் திரும்ப ஃபெயில் ஆன 106 பேரோட பழைய ஃபைல்கள எடுத்துப் பார்த்தது. நோய் இருந்து மருந்துல குணமானவங்கள்ல நூத்துக்கு 61 பேருக்குக் குழந்தை பிறந்திருக்கு, மருந்து சாப்பிட்டும் நோய் போகாதவங்கள்ல 13 பேருக்குத்தான். சின்ன ஆய்வு, அது ஒன்னே முடிவு இல்லதான். இருந்தாலும் அதுல என் கண்ணுல பட்டது, மாத்திரை ரெண்டு பக்கமும் சாப்பிட்டிருக்காங்க, வித்தியாசம் நோய் போச்சா இல்லையாங்கிறதுலதான்.

தயவுசெஞ்சு என் மருந்துப் பேரப் பார்த்து நீங்களா வாங்கிச் சாப்பிடாதீங்க, காசநோயாலயும் கர்ப்பப்பையில புண் வரும், அதுக்கு வைத்தியமே வேற. இப்ப கொடுத்தத ஒரு வேளைகூட விடாம முடிங்க, அந்த நாள்கள்ல கர்ப்பம் ஆகாம பார்த்துக்கிறதப் பத்தியும் டாக்டர்கிட்ட கேளுங்க. அடுத்த கருவ வைக்க தேதி குறிக்கிறதுக்கு முன்னாடி மறு பயாப்ஸி வேணும்னு வாயத் தொறந்து கேளுங்கம்மா, ரிப்போர்ட்டோட ஒரு காப்பிய உங்க கையிலயும் வாங்கி வெச்சுக்குங்க.