ஐந்து குழுவில் பெயர், எதில் இருப்பது?

கேள்வி: மருத்துவம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அறுவை சிகிச்சை, குழந்தை மருத்துவம், அவசர சிகிச்சை என்று மூன்று ஆர்வக் குழுக்கள், இரண்டு தன்னார்வக் குழுக்கள். ஐந்திலும் பெயர் கொடுத்துவிட்டு வாரம் முழுக்கக் கூட்டத்துக்கு ஓடுகிறேன். எதை விடுவது? மேற்படிப்புக்கு இதெல்லாம் உதவுமா?
- பெயர் வேண்டாம் என்ற மாணவி

பதில்: சிறப்புரை கேட்டு, கைதட்டி, குரூப் போட்டோ எடுத்துக் கலைகிற குழு ஏதாவது இருந்தால் அதை இன்றைக்கே விட்டுவிடுங்கள்.

மாணவனாக இருந்தபோது நான் அறுவை சிகிச்சைக் குழுவின் செயலாளர். நாற்காலிக் காலில் நூலைக் கட்டி முடிச்சுப் பழகுவோம். இரண்டாவது முடிச்சை எதிர்த்திசையில் போட்டால்தான் இறுகி நிற்கும். ஒரே திசையில் போட்டால் வழுக்கும். எனக்கு நன்றாகவே வந்தது. கத்தி என் கைக்குத்தான் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அப்புறம் குழு மூலமாக ஆபரேஷன் தியேட்டரில் நிற்க வாய்ப்பு வந்தது. வெட்டிய இடத்தை விலக்கிப் பிடிக்கும் கருவியான ரிட்ராக்டரைப் பிடித்தபடி மூன்று மணி நேரம். பக்கத்தில் நின்ற நண்பன் கண் சிமிட்டாமல் வயிற்றுக்குள் பார்த்துக்கொண்டிருந்தான். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் இன்று சர்ஜன். நான் பொது மருத்துவன். அந்தக் குழு வீண் என்று சொல்ல மாட்டேன், எனக்கு எது ஒத்துவராது என்பதைச் சீக்கிரமே காட்டிவிட்டது.

என்னைப் பிடித்து இழுத்தது தன்னார்வக் குழுவின் ரத்த அழுத்த முகாம். மாடிப்படி ஏறி மூச்சு வாங்க வந்தவரை உட்காரவைத்து, பேச்சுக் கொடுத்துக்கொண்டே பார்த்தேன்: 178/104. “ரொம்ப அதிகம்” என்று அவரை வேறு பயமுறுத்திவிட்டேன். மேற்பார்வைக்கு வந்த சிஸ்டர் என்னை ஒதுங்கச் சொன்னார். முதுகு சாய்மானத்தில், பாதம் தரையில், கை நெஞ்சு உயரத்துக்கு மேசைமேல். ஐந்து நிமிடம் பேச்சே இல்லை. பருத்த கைக்கு நான் கட்டியிருந்த பட்டை சிறியது, அது அளவைக் கூட்டிக் காட்டும் என்று பெரியதை மாற்றினார். இப்போது 144/88. பிறகு என்னிடம் கேட்டார்: “சரி, இவர் அடுத்து யாரைப் போய்ப் பார்க்கணும்னு எழுதிக் கொடுத்தீங்களா?” அது எனக்குத் தோன்றவே இல்லை.

உங்கள் இரண்டு தன்னார்வக் குழுக்களிடமும் இதையே கேளுங்கள். ‘இத்தனை பேரைப் பரிசோதித்தோம்’ என்பதற்கு மேல் பதில் வராத இடத்தில் உங்கள் ஞாயிற்றுக்கிழமையைக் கொடுக்காதீர்கள்.

சிசிலி சாண்டர்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண், மருத்துவராகும் முன்பே லண்டனில் மரணத் தறுவாயில் இருப்பவர்களுக்கான ஓர் இல்லத்தில் தன்னார்வலராக இருந்தார். வலி வந்தபின் தராமல், நேரம் தவறாமல் முன்கூட்டியே வலி மருந்து தருவதை அங்கேதான் கவனித்தார். பிறகு மருத்துவம் படித்து 1957-இல் தேர்ந்து, 1967-இல் இறுதிக்கால நோயாளிகளைப் பராமரிக்கும் செயின்ட் கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸைத் தொடங்கினார். எத்தனை சான்றிதழ் வைத்திருந்தார் என்று யாரும் கேட்கவில்லை!

மேற்படிப்புக்கு மதிப்பெண்ணா, நேர்காணலா என்பது இடத்துக்கு இடம் மாறும். நேர்காணல் இருந்தால், ஐந்து பெயர்ப் பட்டியலைவிட இரண்டு வருடம் நிலைத்து நின்ற ஒரு குழுவைப் பற்றிப் பேச உங்களிடம் விஷயம் இருக்கும். ஓர் ஆர்வக் குழு, ஒரு தன்னார்வக் குழு போதும்.

கேள்வி: முதலாண்டு மாணவன். முகாமில் ஆள் குறைவு என்று சீனியர்கள் என்னை ஊசி போடச் சொல்கிறார்கள். போடலாமா?

பதில்: கூடாது. கற்றுத்தந்து, பக்கத்தில் மருத்துவரோ செவிலியரோ நின்று, ‘இவர் மாணவர்’ என்று நோயாளியிடம் சொல்லி அவர் சம்மதித்தால் மட்டுமே அந்தப் பேச்சு. அதுவரை பதிவு மேசையில் உட்காருங்கள். என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால் பலர் நிறத்தைத்தான் சொல்வார்கள். மாத்திரை அட்டையை வாங்கிப் பார்த்துப் பெயரையும் மில்லிகிராமையும் எழுதுங்கள்.