ஒரே லீவுல சிட்டியும் சுத்தி பீச்சுலயும் ரெஸ்ட் எடுக்க முடியுமா? கோயமுத்தூர்ல இருந்து வயசான அம்மா, குழந்தைகளோட போறோம், எந்த ஊர் நல்லது?

தாராளமா முடியுமுங்க, கேரளாவுல கொச்சிக்குப் போங்க. எர்ணாகுளம் – ஃபோர்ட் கொச்சி ஒரு பக்கம், சேராய் பீச் ஒரு பக்கம். முதல்ல சிட்டி, கடைசில கடல், இந்த வரிசைய மட்டும் மாத்தாதீங்க. கடலுக்குன்னு ஒதுக்கற நாள்ல எந்த ப்ளானும் வெக்காதீங்க. பதில் இவ்வளவுதான், மிச்சமெல்லாம் நான் ஏன் இப்படிச் சொல்றேங்கறதுக்கு எங்க வீட்டுக் கதை.

"வயசான அம்மாவோட"ன்னு நீங்க போட்டிருக்கறதப் பாத்துட்டுத்தான் எழுத உக்காந்தேன். உங்களையும் யாராச்சும் கேட்டிருப்பாங்க, இந்த வயசுல அவங்களுக்கு எதுக்குக் கடலு, போன எடத்துல முடியாமப் போச்சுன்னா என்ன பண்ணுவீங்கன்னு. எங்களக் கேட்டாங்க. கேட்டவங்க எல்லாம் அக்கறையில கேட்டாங்கன்னு என்னால இன்னைக்கும் சொல்ல முடியல.

நான் திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில கணக்குப் பாக்கறேன். அம்மா அவினாசி பக்கம் தோட்டத்துல இருக்கறாங்க. மாடு வெச்சிருக்கற வீட்டப் பத்தித் தெரிஞ்சவங்களுக்குச் சொல்லவே வேண்டாம், காலைல ஒருக்கா சாயங்காலம் ஒருக்கா பாலு கறந்து சொசைட்டிக்கு ஊத்தியாகணும், இதுக்கு ஞாயித்துக்கிழமையும் கெடையாது தீபாவளியும் கெடையாது. கல்யாணத்துக்குப் போனாலும் பந்தி முடிஞ்சதும் "கறவைக்கு நேரமாச்சு கண்ணு"ன்னு பஸ் ஏறிருவாங்க. வெளியூர்ல ராத்தங்கறதுன்னா எங்கம்மாவுக்கு பழனி பாதயாத்திரை ஒண்ணுதான். அதுலயும் மனசெல்லாம் கட்டுத்தறியிலதான் இருக்கும்.

அதனால எங்க ட்ரிப்புல முதல் வேலை ரூம் போடறது இல்லீங்க, மாட்டுக்கு ஆள் பாக்கறது. பக்கத்துத் தோட்டத்துப் பெரியம்மா ஒத்துக்கிட்டாங்க, நாங்க இருக்கறோம் நீ போயிட்டு வா புள்ளைன்னு அவங்க சொன்ன பொறவுதான் அம்மா சரின்னாங்க. உங்க அம்மாவுக்கும் இப்படி ஏதாச்சும் ஒண்ணு இருக்கும், மாடோ, கோழியோ, சாமி வெளக்கோ, அதுக்கு ஒரு வழி பண்ணிட்டுக் கூப்புடுங்க, இல்லைன்னா கடலுக்கு முன்னாடி உக்காந்துட்டும் வெசனப்பட்டுட்டுத்தான் இருப்பாங்க.

ஏன் கொச்சி? நமக்கு கிட்டத்துக் கடல்னா அது மேக்காலக் கடல்தான். ஆடி மாசம் நம்ம பக்கம் அடிக்கற காத்தே பாலக்காட்டுக் கணவாய் வழியா அந்தக் கடல்ல இருந்து வர்றதுதான். கோயமுத்தூர்ல இருந்து எர்ணாகுளம் கிட்டத்தட்ட 190 கிலோமீட்டர், ட்ரெயின்ல நாலு மணி நேரம் வெச்சுக்குங்க. நம்ம தமிழ்நாட்டுல கடலே இல்லையா, எதுக்குக் கேரளாக்காரங்களுக்குக் காசக் கொண்டு போய்க் கொட்டறீங்கன்னு யாராச்சும் கமெண்ட்ல வருவீங்க, தெரியும். மெட்ராஸும் மாமல்லபுரமும் சேர்த்துப் போறதும் நல்ல ட்ரிப்தான், நானும் அத ஒண்ணும் குறை சொல்லல. ஆனா மெட்ராஸுக்கு நமக்கு ஒரு ராத்திரி பூரா ட்ரெயின், அங்க இருந்து மாமல்லபுரம் இன்னொரு 55, 60 கிலோமீட்டர், முட்டிவலி இருக்கறவங்களுக்கு அது எச்சு. கடலும் அந்தப் பக்கம் இழுப்பு ஜாஸ்தி, குழந்தைகள தண்ணில விட்டுட்டு நிம்மதியா உக்கார முடியாது.

சரி சிட்டிக்கு வர்றேன். எர்ணாகுளத்துல ஹைகோர்ட் ஜெட்டி பக்கத்துல ரூம் போட்டுட்டோம். அங்க இருந்து வாட்டர் மெட்ரோ. 2023 ஏப்ரல்ல ஆரம்பிச்சாங்க, பேட்டரில ஓடற ஏசி போட்டு, கொச்சி ஷிப்யார்டுலயே கட்டுனது. இத நான் இவ்வளவு சொல்றதுக்குக் காரணம் இருக்குங்க. சாதாரண படகுல ஏர்றதுக்கு ஒரு ஆள் கையப் புடிக்கணும், ஒரு ஆள் பின்னாடி நிக்கணும். இதுல மேடையும் தண்ணியோட சேந்தே ஏறி எறங்குது, போட்டும் மேடையும் ஒரே மட்டத்துல நிக்குது, அம்மா பாட்டுக்கு வாசப்படி தாண்டற மாதிரி நடந்து உள்ள போயி சன்னல் ஓரமா உக்காந்துட்டாங்க. அன்னைக்கு நான் விட்ட பெருமூச்சு எனக்குத்தான் தெரியும்.

ஃபோர்ட் கொச்சில எல்லாத்தையும் பாக்கணும்னு நெனைக்காதீங்க. பையனுக்கு பாடத்துல வாஸ்கோடகாமா வந்திருந்ததுனால செயின்ட் பிரான்சிஸ் சர்ச்சுக்குப் போனோம், அவர 1524ல அங்கதான் பொதச்சாங்க, பொறவு எலும்ப எடுத்துட்டு போர்ச்சுகல் கொண்டு போயிட்டாங்க. அம்மா நின்னு பாத்தது சீன வலையத்தான். ஒரு பக்கம் வல தண்ணிக்குள்ள எறங்குது, இந்தப் பக்கம் கயித்துல கல்லு கல்லா கட்டித் தொங்குது, நாலஞ்சு ஆளு சேந்து இழுக்கறாங்க. "இது நம்ம ஏத்தமாட்டத்தான கண்ணு இருக்குது, அப்புச்சி காலத்துல தண்ணி எறச்சது"ன்னாங்க. அப்புறம் பேரனக் கூப்புட்டு ஏத்தம்னா என்னன்னு அங்கயே நின்னு ரொம்ப நேரம் சொல்லிட்டு இருந்தாங்க. பையனுக்கு வாஸ்கோடகாமா மறந்தே போச்சு.

மட்டாஞ்சேரில டச்சு அரண்மனைன்னு பேரு, ஆனா 1555 வாக்குல போர்ச்சுகீசியர் கட்டி கொச்சி ராஜாவுக்குக் குடுத்தது, டச்சுக்காரங்க பின்னாடி பழுதுபாத்தாங்க, அவ்வளவுதான். உள்ள செவுரெல்லாம் ராமாயணம் வரஞ்சிருக்கும். பக்கத்துலயே யூதர் கோயில், 1568ல கட்டுனது, கீழ பதிச்சிருக்கற நீலக் கல்லெல்லாம் சீனாவுல இருந்து வந்தது. சனிக்கிழமை யூதர் கோயில் மூடிருப்பாங்க, வெள்ளிக்கிழமை அரண்மனை லீவு, அதனால இந்த ரெண்டு நாளையும் விட்டுட்டு மட்டாஞ்சேரிய வெச்சுக்குங்க. அந்தத் தெருவுல மிளகு, சுக்கு, ஏலக்கா வாசம் தூக்கும். ஒரு கடைல மஞ்சளப் பாத்துட்டு அம்மா ஒண்ண ஒடச்சு மோந்து பாத்து ஈரோட்டு மஞ்சளோட சேத்தி வெச்சுப் பேச, கடைக்காரரும் மலையாளத்துல பதில் சொல்ல, ரெண்டு பேரும் வெலைவாசியப் பத்திப் பழம பேசிட்டே நின்னாங்க. பாஷை ஒரு தடங்கலே இல்ல.

நாள் முடியறப்ப எல்லாருக்கும் காலு கடுத்துப் போச்சு. இந்த எடத்துலதான் வரிசை முக்கியம்னு சொன்னேன். சிட்டில அலஞ்ச ஒடம்பு கடலுக்குப் போனதும் தானா அடங்கும். மொதல்லயே கடலுக்குப் போயி ஒடம்பு ஓஞ்சு போச்சுன்னா அப்புறம் யாரும் பெட்டிய கட்டிட்டு வெயில்ல அரண்மனை பாக்க வரமாட்டாங்க, குழந்தைக மண்ண விட்டு வரவே வராதுக. இன்னொண்ணு, சேராய் கொச்சிக்கு வடக்கால, நம்ம ஊருக்குத் திரும்பற தெசை. திரும்பறப்ப மறுபடி எர்ணாகுளத்து ட்ராஃபிக்குக்குள்ள போகத் தேவையில்ல, ஆலுவாவுல ட்ரெயின் ஏறிரலாம், ஒரு 25 கிலோமீட்டர்தான்.

ஃபோர்ட் கொச்சில இருந்து வைப்பினுக்கு கார் எல்லாம் ஏத்திக்கிட்டுப் போற ஜங்கார் இருக்குது, அக்கரை போயிட்டா தீவு நெடுக நேர் ரோடு, பஸ்ஸும் ஓடுது, டாக்ஸியும் கெடைக்கும். இந்த வைப்பின் தீவப் பத்தி ஒண்ணு சொல்லியே ஆகணும். 1341ல பெரியாத்துல ஒரு பெரிய வெள்ளம் வந்து பழைய துறைமுகம் மண்ணு மூடிப்போச்சு, கொச்சில புதுசா வாய் தொறந்துச்சு, வைப்பின் தீவும் அப்பத்தான் எழும்புச்சுன்னு சொல்லுவாங்க. மூடிப்போன துறைமுகம் எதுன்னா சங்கப் பாட்டுல வர்ற நம்ம முசிறி. அது இருந்த எடம்னு 2007ல இருந்து தோண்டுன பட்டணம்ங்கற ஊரு சேராயில இருந்து கிட்டத்தான். சென்னிமலை பக்கம் நொய்யல் கரையில கொடுமணல் இருக்குதல்ல, அங்க ரெண்டாயிரம் வருசத்துக்கு முன்னாடி கல்லு மணி அறுத்துப் பட்டை தீட்டி, படியூர் பச்சைக் கல்லையும் சேத்தி, பாலக்காட்டுக் கணவாய் தாண்டி முசிறிக்குத்தான் அனுப்புனாங்க, அங்க இருந்து ரோமாபுரிக்குக் கப்பல். கொங்கு நாட்டுக்காரனுக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்னு கேக்கறவங்களுக்கு இதான் என் பதில். நாம போற வழியே அந்த வழிதான்.

சேராயில ஒரு பக்கம் கடல், ரோட்டத் தாண்டுனா இன்னொரு பக்கம் காயல். நாங்க எடுத்தது காயல் பக்கம் பாத்த வீடு. அம்மா மீன் தொடமாட்டாங்க, அந்த வீட்டுக்கார சேச்சி கஞ்சியும் பயறும் பண்ணிக் குடுத்தாங்க, அம்மா ரெண்டாவது தடவை வாங்கிச் சாப்புட்டாங்க. சாயங்காலம் தண்ணில கால் நனைக்கறப்ப அம்மா சேலைய தூக்கிப் புடிச்சுட்டு நின்னுட்டு, "இத்தன தண்ணி இருந்து ஒரு வயலுக்குப் பாயாது பாரு"ன்னாங்க. எங்க பக்கத்துக் குளங்குட்டைக்கு அத்திக்கடவுத் திட்டத்துத் தண்ணி வரும் வரும்னு வாழ்நாள் பூரா கேட்டுட்டு 2024லதான் அது வந்ததப் பாத்தவங்க, தண்ணியப் பாத்தா வேற என்ன தோணும்.

மறுநாள் நாங்க ஒண்ணுமே வெச்சுக்கல. காலைல நாலு மணிக்கு அம்மா எந்திரிச்சுட்டாங்க, பழக்கம். பெரியம்மாவுக்குப் போனப் போட்டு மாட்டுக்குச் சோளத்தட்டுப் போட்டீங்களா, தண்ணி காட்டுனீங்களான்னு விசாரிச்சாங்க. குழந்தைக கடல்ல ஆடுனாங்க, என் வீட்டுக்காரரு கூட நின்னுக்கிட்டாரு. மத்தியானம் சாப்புட்டுட்டு நான் திண்ணைக்கு வந்து பாத்தா அம்மா கட்டில்ல படுத்துத் தூங்கறாங்க. உங்களுக்கு இது சாதாரணமாத் தெரியலாம். எனக்கு நெனவு தெரிஞ்ச நாள்ல இருந்து எங்கம்மா பகல்ல படுத்து நான் பாத்ததில்லீங்க, காய்ச்சல்ல கூட செவுத்துல சாஞ்சு உக்காருவாங்க, படுக்க மாட்டாங்க. குழந்தைக சத்தம் போடாம இருக்கணும்னு நான் வாசல்லயே உக்காந்துட்டேன். நாலு மணிக்கு முழிச்சவங்க "பால்காரர் வந்துட்டாரா"ன்னு கேட்டுட்டு, சுத்தியும் பாத்துட்டு, மறுபடி படுத்துக்கிட்டாங்க.

ஊருக்கு வந்தா ஒறம்பரை ஒருத்தர், அவ்வளவு செலவு பண்ணிப் போயி கடல்ல என்னத்த பண்ணீங்கங்கறாரு. ஒண்ணும் பண்ணலைங்க, அதுக்குத்தான் போனோம்னு சொன்னேன். காசு இருக்கறவ பேசற பேச்சுன்னு யாரும் எடுத்துக்காதீங்க, நாங்க சீட்டுக் கட்டி எடுத்த பணத்துல போனவங்க. பொதுவா எனக்கு இதுல ஒரு ஆத்தாமை உண்டு, கேள்விக்கு சம்பந்தமில்லைன்னாலும் சொல்லிர்றேன். காதுகுத்து, தெரட்டி, நிச்சயம், கல்யாணம், எழுதிங்கள் சீரு, கெடாவெட்டுன்னு வருசம் பூரா விசேஷம். ஒவ்வொண்ணுக்கும் லீவு, ஒவ்வொண்ணுக்கும் மொய், ஒரு விசேஷத்துக்குப் போகலைன்னா வருசக்கணக்குல சொல்லிக் காட்டுவாங்க. பனியன் கம்பெனில சேந்தாப்ல லீவு கெடைக்கறது தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான், அதையும் இந்த மண்டபத்துக்கும் அந்த மண்டபத்துக்கும் ஓடியே தீத்தர்றோம். அதையெல்லாம் வீண் செலவுன்னு ஒருத்தரும் சொல்றதில்ல. காலமெல்லாம் சாணி அள்ளி பாலு கறந்த ஒரு பொம்பள ரெண்டு நாள் கடலப் பாத்துட்டு உக்காந்தா மட்டும் கணக்குக் கேக்கறாங்க. எனக்கு விசேஷத்துக்குப் போறதுல ஒரு வெறுப்பும் இல்ல, ஒறவு வேணும், ஆனா இந்தக் கணக்கு ஞாயமில்லீங்க.

எப்பப் போறதுன்னா, தை, மாசி ரொம்ப நல்லது. ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் மேக்காலக் கடலுக்குப் போகவே போகாதீங்க, தென்மேற்குப் பருவமழை, கடல் கொந்தளிக்கும், செவப்புக் கொடி நட்டுருப்பாங்க. அங்க மீன் புடிக்கற ட்ராலருக்கே அந்த நேரத்துல 52 நாள் தடை. ஐப்பசி, கார்த்திகைல கிழக்காலக் கடல் வேண்டாம், புயல் நேரம். ஏப்ரல், மே லீவுல போறதா இருந்தா புழுக்கம் தாங்காது, சிட்டிய காலைலயும் சாயங்காலமும் மட்டும் வெச்சுக்குங்க.

கார்ல போனா, பாலக்காட்டுக்கும் திருச்சூருக்கும் நடுவால குதிரான் சுரங்கம் வந்த பொறவு அந்த மேட்டுல வண்டி நிக்கற தொல்லை தீந்துருச்சு, எடப்பள்ளிகிட்டத்தான் நெரிசல். சேராயில ரூம் போடறப்ப மாடி வேண்டாம், கீழயே வேணும்னு சொல்லிக் கேளுங்க, பாத்ரூம்ல வெஸ்டர்ன் டாய்லெட் இருக்குதா, புடிச்சுக்கறதுக்குக் கம்பி இருக்குதான்னும் போன்லயே கேட்டுருங்க. எந்த மாசம் போறீங்கன்னு கமெண்ட்ல போடுங்க, ட்ரெயின் எது தோதுன்னு பாத்துச் சொல்றேன்.