குறுவை நடவும் குழந்தையின் இதயமும்

கேள்வி: எனக்கு 22வது வாரம் நடக்கிறது. குழந்தையின் இதயத்தில் கீழறைகளுக்கு நடுவே, தசைச் சுவரில் 2 மி.மீ. ஓட்டை என்று ஸ்கேனில் சொன்னார்கள். போன மாதம் குறுவை நடவுக்குப் போய்க் குனிந்து வேலை பார்த்ததுதான் காரணம் என்கிறார் மாமியார். உண்மையா?
– வாசகி, மன்னார்குடி

பதில்: இல்லையம்மா. நீங்கள் வயலில் இறங்குவதற்கு இரண்டு மாதம் முன்பே அந்தச் சுவர் எழும் காலம் முடிந்துவிட்டது.

கரு உண்டான மூன்றாம் வாரக் கடைசியில் இதயம் வெறும் குழாய்தான். 22, 23ஆம் நாளில் துடிக்கத் தொடங்கி, வலப்பக்கமாக வளைந்து மடியும். பிறகு நடுவில் முன்னும் பின்னும் இரண்டு திசுத் திண்டுகள் வளர்ந்து ஒட்டி, இடவழி வலவழி என்று பிரிக்கும். மேலறையில் கூரையிலிருந்து மெல்லிய தடுப்பு இறங்கும். அது திண்டைத் தொடுவதற்குள் அதன் மேல்பகுதியில் துளை விழும். வலப்புறம் இன்னொரு தடித்த தடுப்பு வந்தாலும் சாய்வாக ஒரு வழி இருக்கும். அது இருந்தே ஆக வேண்டும். நுரையீரல் வேலை செய்யாத கருவில், நஞ்சுக்கொடி தரும் நல்ல ரத்தம் இடப்பக்கம் போவது அதன் வழியாகத்தான். பிறந்து மூச்சு விட்டதும் ஒருவழிக் கதவுபோல் மூடிக்கொள்ளும்.

கீழறையில் தசைச் சுவர் அடியிலிருந்து மேலே எழும். உச்சியில் மிஞ்சும் இடைவெளியைத் திண்டுகளின் திசுவும், இதயத்திலிருந்து வெளியேறும் பெரிய ரத்தக்குழாயை இரண்டாகப் பிரிக்கும் திசுவும் சேர்ந்து அடைக்க வேண்டும். இத்தனையும் கூட வேண்டிய இடம் என்பதால் அங்கே ஓட்டை விழ வாய்ப்பு உண்டு. ஏழாம் வாரத்தோடு வேலை முடியும். மாதவிலக்கிலிருந்து எண்ணும் ஸ்கேன் கணக்கில் அது 9வது வாரம்.

உங்களுக்கு இருப்பது தசைப் பகுதியில், அதுவும் சின்னது. இந்த வகையில் பெரும்பாலானவை பிறப்பதற்கு முன்போ ஓரிரு வயதுக்குள்ளோ தானே மூடிவிடும். கர்ப்பத்துக்கு முன்பே இருந்த சர்க்கரை நோய், ஆரம்ப மாதங்களில் ரூபெல்லா அம்மை, வலிப்புக்கான வால்ப்ரோயேட் மாத்திரை, நெருங்கிய உறவில் திருமணம் இவை வாய்ப்பைக் கூட்டும். பலருக்குக் காரணமே தெரிவதில்லை.

இப்போது குழந்தைக்கு எக்கோ (இதயத்தை மட்டும் பார்க்கும் ஸ்கேன்) எடுத்து, வேறு குறை இல்லை என்று உறுதி செய்யுங்கள். இது ஒன்று மட்டும்தான் என்றால், இதற்காகச் சிசேரியன் தேவையில்லை. பிறந்தபின் மறுபடி எக்கோ அவசியம். முதல் நாள் ஸ்டெதஸ்கோப்பில் ஒன்றும் கேட்காமல் போகலாம். நுரையீரல் அழுத்தம் குறையச் சில வாரம் ஆகும், அதன் பிறகுதான் ஓட்டை வழியே ரத்தம் அதிகம் பாயும். அந்த வாரங்களில் பால் குடிக்கும்போது விட்டுவிட்டுக் குடித்தாலோ, நெற்றி வியர்த்தாலோ, தூக்கத்தில் மூச்சு நிமிடத்துக்கு 60க்கு மேல் போனாலோ, எடை நாளுக்கு 20 கிராம்கூட ஏறாவிட்டாலோ அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் உடனே குழந்தை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.