கோத்தகிரிப் பெரியவரும் நாய்களும் – கடிதம்

அன்புள்ள அண்ணா,

கோத்தகிரி ஜீப் மெக்கானிக் பெரியவரின் மறைவை ஒட்டி நீங்கள் எழுதிய குறிப்பைப் படித்தேன். எனக்கும் அவரைத் தெரியும். அப்பாவின் பழைய ஜீப்பை அவரிடம்தான் விடுவோம். நாய்களுக்குச் சோறு வைத்த பிறகுதான் வண்டிப் பக்கமே வருவார். ஆனால் நீங்கள் அவரைக் ‘காட்டை நேசித்தவர்’ என்று எழுதியது நெருடுகிறது. வாலிபத்தில் நாய்களோடு வேட்டைக்குப் போனதை அவரே சொல்லிக் கேட்டிருக்கிறேன். காட்டோரத்து நாய்கள் வனவிலங்குகளுக்கு ஆபத்து என்று இன்று எல்லோரும் சொல்கிறார்கள். வீடு நிறைய நாய் வைத்திருந்தவர் காட்டுக்கு எப்படி நல்லவர்? இறந்துபோனவர் என்பதால் கொஞ்சம் கூட்டி எழுதிவிட்டீர்களோ? அப்புறம், அந்த நாய்கள் இப்போது எங்கே?

எஸ்., மேட்டுப்பாளையம்

அன்புள்ள எஸ்.,

வேட்டையாடினார், உண்மைதான். அதை அவர் மறைத்ததில்லை, பெருமை பேசியதும் இல்லை. அவர் பிறந்த மலை அப்படி. வேட்டைக்காரர்களே 1877-ல் ஒரு சங்கம் வைத்து, சுடுவதற்கு விலங்கு மிஞ்ச வேண்டுமே என்று விதிகள் போட்டுக்கொண்ட மலை இது. ஊட்டியை ஒட்டிய வென்லாக் டவுன்ஸ் புல்வெளியில் வெள்ளைக்காரர்கள் கோட்டும் தொப்பியுமாகக் குதிரையேறி, இங்கிலாந்து நரிக்குப் பதிலாக நம் குள்ளநரியை நாய்க்கூட்டம் விட்டுத் துரத்தினார்கள். அவர்கள் போன பின்னும் நம் ராணுவ அதிகாரிகள் அந்த விளையாட்டைக் கொஞ்ச காலம் விடவில்லை. அந்த நாய்களுக்குச் சோறாக்கிப் போட்ட ஆட்களில் இவருடைய அப்பாவும் ஒருவர். நாயின் காது, பல், பாதம் பார்த்து உடம்பு சொல்லும் வித்தை அங்கிருந்து வந்ததுதான். அப்பா கற்றது துரை வீட்டு நாய்களிடம், மகன் வளர்த்தது நாட்டு நாய்களை. காட்டுப்பன்றி, கேளையாடு, காட்டுக்கோழி என்று எல்லாம் வேட்டையாடியிருக்கிறார்.

விட்டது எப்படி என்பதை நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன், ஏனென்றால் அதை அவர் எல்லோரிடமும் சொல்வதில்லை. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, சரி, ஆனால் சட்டம் வந்த மறுநாளே துப்பாக்கியைக் கீழே வைத்தவர்கள் இந்த மலையில் குறைவு. இவர் நிறுத்தியது ஒரு சினைக் கடமானைத் தன் நாய்கள் ஓடைக்குள் இறக்கி, அது சாகும்வரை விடாமல் நின்றதைப் பார்த்த பிறகு. சுடுவதற்குக்கூட இவர் போய்ச் சேரவில்லை. "நாயை என்ன சொல்றது, அவுத்து விட்டது நான்தானே" என்றார். அதற்குப் பிறகு அவருடைய எந்த நாயும் தேயிலைத் தோட்டத்தின் கடைசி வரிசையைத் தாண்டியதில்லை. அவர் மட்டும் தனியாகப் போவார், பெரும்பாலும் கோத்தகிரியை ஒட்டிய லாங்வுட் சோலைக் காட்டுக்கு. 116 ஹெக்டேர்தான், ஒரு பெரிய எஸ்டேட் அளவுகூட இருக்காது, சுற்றியுள்ள ஊர்களுக்குத் தண்ணீர் அங்கிருந்து வருகிறது. 2024-ல் அதை ராம்சர் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில் சேர்த்தார்கள் என்று நான் போய்ச் சொன்னபோது, "போர்டு வைப்பாங்க, அதைப் பார்க்க நாலு கார் கூட வரும்" என்றுதான் பதில்.

நாயோடு காட்டுக்குள் போகாததற்கு அவர் சொன்ன இன்னொரு காரணம் உங்களுக்கே உபயோகப்படும். கரடியோ யானையோ எதிர்ப்பட்டால் நாய் குரைத்துக்கொண்டு முன்னால் பாயும், அது திருப்பித் துரத்தும், துரத்தினால் நாய் எங்கே ஓடும்? நேராக எஜமானின் காலுக்கு. பின்னாலேயே கரடி. நாய் இல்லாமல் காட்டெருமைக்கு முன்னால் மாட்டிக்கொண்டால் தப்பிக்க வழி உண்டு. ஓடாமல், தாய்க்கும் கன்றுக்கும் நடுவில் போகாமல், பக்கவாட்டில் மெல்ல ஒதுங்கி அதற்குப் பாதையை விட்டுவிட வேண்டும், அவ்வளவுதான். நாயோடு போய் அதைச் செய்ய முடியாது.

ஆகவே நீங்கள் சொல்லும் ஆபத்தை அவர் நம் எல்லோருக்கும் முன்பே அறிந்தவர் என்பது என் கட்சி. நாயிடமிருந்து காட்டுக்குப் போவது பல் மட்டுமல்ல, நோயும் போகும். 2018-ல் கிர் காட்டில் சிங்கங்கள் டிஸ்டெம்பர் வைரஸால் செத்தது நினைவிருக்கும். ஊர் நாய்களுக்கு வழக்கமாக வரும் நோய் அது. செந்நாய்க்கும் அது தொற்றும். இந்தப் பெரியவர் நாய்களுக்கான தடுப்பூசி விஷயத்தில் வெறி பிடித்தவர் போல நடந்துகொண்டார் என்று நானே கிண்டல் செய்திருக்கிறேன். வருஷா வருஷம் தன் தெரு நாய்களைப் பிடித்து, ரிப்பேருக்கு வந்த யாருடைய ஜீப்பிலாவது ஏற்றி (உங்கள் அப்பாவுடையதும் போயிருக்கும், விசாரியுங்கள்) கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோவார்.

அதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. சின்ன வயதில் வெறிநாய் கடித்து அவரைக் குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்டுக்கு அழைத்துப்போனார்கள். 1907-ல் தொடங்கியது அது. அதற்கு முன் தென்னிந்தியாவில் வெறிநாய் கடித்தால் இமயமலைப் பக்கம் கசௌலிவரை ரயிலில் போக வேண்டும், பலர் போய்ச் சேரவில்லை. இவர் காலத்தில் ஆட்டு மூளையிலிருந்து செய்த மருந்து, தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி. ஒவ்வொரு நாளும் கோத்தகிரியிலிருந்து பஸ். வயிறு கல்லாக வீங்கியதை எழுபது வருஷம் கழித்தும் சட்டையைத் தூக்கிக் காட்டித்தான் சொன்னார். இன்றைக்குக் கையில் நாலைந்து ஊசியோடு முடிகிறது, அதையும் போடாமல் மஞ்சள் பற்றுப் போடுகிறவர்களைப் பார்த்தால் கையை ஓங்கிவிடுவார். கடித்த இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவு, அப்புறம் ஆஸ்பத்திரிக்கு ஓடு. ஒர்க்‌ஷாப் சுவரில் கிரீஸ் விரலால் இதை எழுதியே வைத்திருந்தார்.

நாயை அவர் காசு கொடுத்து வாங்கியதே இல்லை. மாற்றலாகிப் போகும் எஸ்டேட் மேனேஜர்கள் விட்டுப்போனது, குளிர் ஊருக்கு வந்தோம் என்று லேப்ரடார் வாங்கி இரண்டு சீசன் கழித்து அவிழ்த்துவிட்டது, இப்படி வந்து சேர்ந்தவைதான். சாயங்காலம் ஆறு மணிக்கு எல்லாம் வீட்டுக்குள். ஒருநாள் பின்கதவு சரியாகச் சாத்தாமல் ஒன்றைச் சிறுத்தை கொண்டுபோனது. தெருவில் எல்லோரும் கூண்டு வைக்கச் சொல்லி மனு எழுதினார்கள், இவர் கையெழுத்துப் போடவில்லை. நாயைப் பறிகொடுத்தவரே போடாததால் மனுவுக்குக் கனம் போயிற்று, அந்தக் கோபம் சிலருக்கு இன்னும் இருக்கிறது.

கூட்டி எழுதினேனா என்றால், ஒரு இடத்தில் குறைத்தே எழுதினேன். இவ்வளவு நாய்க்கும் தினமும் அரிசிக் குருணையும் கோழிக் கழிவும் வேகவைத்தது அவருடைய மனைவி. அக்காவுக்கு நாய் பிடிக்குமா என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. காரியத்துக்குப் போயிருந்தபோது கேட்டேன். "பிடிக்காம என்ன, ஆனா ஒரு நாளாவது அவரு பாத்திரம் கழுவியிருந்தா இன்னும் பிடிச்சிருக்கும்" என்றார். பெரியவர் நல்லவர், ஆனால் வீட்டு வேலையில் அவரும் அந்தக் காலத்து ஆண்தான்.

நாய்களில் இரண்டு கிழங்கள் அக்காவிடமே இருக்கின்றன. ஒன்றை ஒர்க்‌ஷாப் பையன் கொண்டுபோய்விட்டான். மிச்சமிருப்பது ஒரு கறுப்பு லேப்ரடார், ஏழு வயதிருக்கும், இடது கண் பார்வை குறைவு, ஊசியெல்லாம் போட்டிருக்கிறது, சீட்டும் இருக்கிறது. மேட்டுப்பாளையம் வெயிலை அது தாங்காது, அதனால் உங்களைக் கேட்கவில்லை. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் பகலெல்லாம் கட்டிப்போடாத வீடு ஏதாவது தெரிந்தால் எழுதுங்கள், அக்காவிடம் சொல்கிறேன்.