கடைசி வரியை முதலில் வையுங்கள்

கேள்வி: என் கதையில் மகனுக்கு வேலை போன செய்தியைக் கடைசி வரியில்தான் சொல்கிறேன். படித்த தோழிகள் ‘சஸ்பென்ஸே இல்லை’ என்கிறார்கள். ரகசியத்தை இன்னும் எப்படிக் காப்பாற்றுவது?

பதில்: காப்பாற்ற வேண்டாம். முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள்.

ஏதோ வரப்போகிறது என்று தெரிந்தால்தானே வாசகர் காத்திருப்பார்? 1962இல் பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோ எடுத்த பேட்டியில், சஸ்பென்ஸ் படங்களுக்குப் பேர்போன இயக்குநர் ஹிட்ச்காக் இதைத்தான் விளக்கினார். மேசைக்கடியில் இருக்கும் குண்டு சொல்லாமல் வெடித்தால் 15 விநாடி அதிர்ச்சி. முன்பே காட்டிவிட்டால் 15 நிமிடப் பதைப்பு.

உங்கள் கதையையே எடுத்துக்கொள்வோம். வேலை போனது நமக்குத் தெரியும், அப்பாவுக்குத் தெரியாது. அவர் மகனின் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டே, “நேரமாகலையாடா?” என்கிறார். தினமும் கேட்கிற கேள்விதான். இன்று நமக்கு நெஞ்சு அடைக்கிறது. ரகசியத்தை மறைத்து எழுதினால் இதே காட்சி வெறும் இஸ்திரிதான்.

ஆரம்ப காலத்தில் நானும் ஒரு மருத்துவரின் கடிதத்தைக் கடைசிவரை ஒளித்து வைத்துக் கதை எழுதினேன். பத்திரிகை ஆசிரியர் கடைசி வரியிலிருந்து முதல் வரிக்குப் பென்சிலால் ஓர் அம்பு போட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார். இரண்டு நாள் கோபம். அப்புறம் மாற்றி எழுத உட்கார்ந்தபோதுதான், நடுவில் இருந்த மூன்று காட்சிகளிலும் ஒன்றுமே நடக்கவில்லை என்பது தெரிந்தது. முடிவு வரும்வரை பக்கத்தை நிரப்பியிருக்கிறேன், அவ்வளவுதான். மூன்றையும் புதிதாக எழுத வேண்டியிருந்தது. உங்களுக்கும் அந்த வேலை காத்திருக்கிறது.

காட்சியில் ஏதாவது நடக்க வேண்டுமென்றால் முரண் வேண்டும், அதாவது இரண்டு விருப்பங்கள் மோத வேண்டும். முரண் என்றதும் அப்பாவும் மகனும் சத்தம் போட வேண்டும் என்று நினைக்காதீர்கள். மகனுக்குச் சொல்லிவிடவும் வேண்டும், அப்பாவின் முகம் வாடுவதைப் பார்க்கவும் கூடாது. இரண்டுமே நியாயமாக இருக்கட்டும். ஒரு பக்கம் லேசாகிவிட்டால் அவன் என்ன செய்வான் என்பது நமக்கு முன்பே தெரிந்துவிடும்.

இன்னொன்று, அவன் வாயைத் திறக்கும்போதெல்லாம் தொலைபேசி மணியடிக்க வைக்காதீர்கள். அது நீங்கள் போடுகிற முட்டுக்கட்டை. அவன் “அப்பா...” என்று தொடங்கட்டும். அவர், “உன் தைரியத்துலதான் கடனுக்குக் கையெழுத்துப் போட்டேன்” என்று சொல்லட்டும். இனிச் சொல்வது முன்னைவிடக் கடினம். பதற்றம் ஏறுவது அங்கேதான்.

கேள்வி: அப்படியானால் கடைசியில் திருப்பமே வைக்கக் கூடாதா?

பதில்: தாராளமாக வைக்கலாம். திருப்பம் தெரிந்த பிறகு ஒருவர் கதையை மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டும், அதுதான் சோதனை. முதல் வாசிப்பில் சாதாரணமாகக் கடந்துபோன ஒரு சொல் அப்போது அவரைப் பிடித்து நிறுத்தினால், நீங்கள் அவரை ஏமாற்றவில்லை.